பாரிஸைக் கடைசியில் எழுதினேன்

கோணல் எழுத்துக்கு மன்னியுங்கள். எழுபத்து நான்கு வயதில் தமிழ் எழுதக் கற்றவன் நான். இந்தத் தாளைப் படமெடுத்துப் பதிவிடுவது என் பேத்தி கிளேர்.

அவள் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறாள். இன்று காலை தன் கல்லூரிப் பட்டியலைத் தந்து, "இதைப் பார்த்து எழுதிப் பழகுங்க தாத்தா" என்றாள்.

முதலில், கிடைப்பதற்கு அரிதான பாரிஸ். நடுவில், கிடைக்கக்கூடிய சிங்கப்பூர். கடைசியில், இங்கே எங்கள் நகரத்து ஓரத்திலேயே இருக்கும், கட்டாயம் இடம் தரும் தூ டுக்.

தூ டுக்குக்கு மெட்ரோவில் போனால் சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம். அந்தப் பாரிஸ் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பிழைகூட இல்லாமல் எழுதி முடித்தேன். ஒரே பூரிப்பு.

"என்ன தாத்தா, தூ டுக் மேல ஏறிடுச்சு, பாரிஸ் அடியில கிடக்கு?"

"என் எழுத்தே கோணல்மா. வரிசையும் அப்படித்தான் வரும்."

"பாரிஸ் மேல பொறாமையா?"

"ஆமா."

விழுந்து விழுந்து சிரித்தாள். விண்ணப்பம் அவள் வரிசைப்படிதான் போகுமாம். ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் என் தாளைத்தான் ஒட்டியிருக்கிறாள்.

உங்கள் பிள்ளைகளை எந்த ஊர் கொண்டுபோனது? எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துப் பதில் போட எனக்கு அடுத்த வாரம் ஆகிவிடும்.