வேடியப்பன் கல்லில் ஓடிய எழுத்து

ஆரணியில் தெய்வநாயகிக்கு வேலை, பாவு பிணைப்பது. தறியில் ஓடி முடிந்த பட்டு இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. வழுக்காமலிருக்க விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் ஊராக எழுத்து வெட்டிய பழைய கல் தேடிக் கிளம்பிவிடுவாள். "கல்லுக்கும் உனக்கும் இன்னா சம்மந்தம்?" என்று தெருவே கேட்டாயிற்று. சம்பந்தம் ஒன்றுமில்லை. அடுத்தவர் கதை என்றால் அவளுக்குக் காது நீண்டுவிடும். அது ஆயிரம் வருஷத்துக் கதை என்றால் கேட்கவே வேண்டாம்.

கல் தேடும் தன் கூட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டவர் இராஜமாணிக்கம். வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எழுத்தைத் தானாகப் படித்துக் கற்றவர். அவரோடு இன்னும் நாலைந்து பேர். சம்பளம் கிடையாது, டீ கூட அவரவர் காசு. எட்டு மாதம் சுற்றியும் தெய்வநாயகி கண்ணில் புதிதாக ஒரு எழுத்தும் படவில்லை. அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சந்தவாசல் பக்கம் முனியம்மாளின் நிலத்தில் ஒரு கல் நின்றது. அதில் வில்லேந்திய வீரன் உருவம். குடும்பம் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறது. வருஷா வருஷம் பொங்கல் வைக்கும்போது கரும்பச்சை பெயிண்ட் அடித்து அடித்து, எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை முனியம்மாளின் மகன் கல் முழுக்கப் பித்தளைக் கவசம் பதிக்கப் போகிறான். அப்புறம் யாரும் எதையும் பார்க்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே போனார்கள். பெயிண்டைத் தேய்த்தெடுக்க இராஜமாணிக்கம் பிரஷ்ஷை எடுத்ததுமே முனியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"சாமிய சொரண்டறதா? நல்லா கீதே! கும்ட்டுகினு கெளம்புங்க."

தெய்வநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. கும்பிடவாவது கும்பிடுவோம் என்று கல்லின் முன் போய் நின்றாள். தட்டில் திருநீறு இருந்தது. நெற்றிக்குப் போக வேண்டிய விரல்கள், வேலைப் பழக்கத்தில் அதைத் தொட்டு உருட்டிக்கொண்டு நேராகக் கல்லுக்குப் போயின. வீரனின் தலைக்கு மேலே, பெயிண்டுக்கு அடியில், ஒரு பள்ளம். பட்டிழையைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரலுக்கு அது பெரிய வாய்க்கால். பக்கத்தில் வளைந்து இன்னொன்று. தேய்த்தாள். பச்சையில் வெள்ளையாகக் கோடு எழுந்தது.

"ஏம்மா, இன்னா பண்ற நீ?"

"திருநீறுதாம்மா பூசறேன். அடியில எழுத்து ஓடுது, பாருங்க. வேணாம்னா நிறுத்திடறேன்."

முனியம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், புதுத் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

தேய்க்கத் தேய்க்க நாலு வரி எழுந்தது. இராஜமாணிக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். மாடுகளைக் கவர்ந்துபோனவர்களை மறித்து, மாடுகளை மீட்டுவிட்டுச் செத்துப்போனவன். பெயர் சாத்தன்.

முனியம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணமாகி வந்த நாளா வேடியப்பா, வேடியப்பான்னே கூப்ட்டுகினு கீறேன். வேற யாரையோ கூப்புட்றாங்கன்னு சாமி சும்மா இருந்துட்டிருக்குமா?"

பிறகு எழுந்து கற்பூரம் கொளுத்தி, எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு பெயரையும் சொல்லிக் கும்பிட்டாள். எட்டு மாதத்துச் சந்தோஷமும் ஒன்றாகச் சேர, தெய்வநாயகி அந்த நாலு வரியையும் விரலால் இன்னொரு முறை தடவினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"கவசத்த தலையோட நிறுத்தச் சொல்லிட்டேன்மா. பையனுக்குக் கோவம்தான், இருந்துட்டுப் போவட்டும். பேரு வெளியதான் கீது. நீ எப்ப வேணா வந்து தொட்டுப் பாரு."