புரட்டாதிச் சனியில் ஒரு மீன்

சுவிஸில் துன் ஏரிக்கரையில் நான் ஏழு கோடைகாலம் கோழி வாட்டியிருக்கிறேன். என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் தூண்டிலோடு படகேறிப் போவார்கள். நாங்கள் பெண்கள் கரையில் அடுப்பு மூட்டி, ரோல்ஸ் பொரித்து, ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்து, அவர்கள் திரும்பி வந்து சொல்லும் பொய்களைக் கேட்போம். தப்பிப்போன மீன் வாரத்துக்கு ஒரு சாண் வளரும்.

ஒருநாள் எனக்கும் ஒருக்கால் தூண்டிலைத் தாருங்கோ என்று கேட்டேன். பொம்பிளையள் கதைத்தால் மீன் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. விடியற்காலை ஆறு மணியிலிருந்து ஹோட்டல் சாப்பாட்டு அறையில் மூன்று மொழியில் கதைக்கிறவள் நான். இதுவரைக்கும் ஒரு விருந்தாளியும் ஓடியதில்லை.

அந்தக் கோபத்தோடு மீன்பிடி அனுமதிக்கான வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அவருக்கும் பழைய அனுமதி முடிந்திருந்ததால் கூட வந்தார். சோதனையில் நான் முதல் தரமே பாஸ். அவர் ஃபெயில். பிடித்த மீனை உடனே எங்கே அடித்துக் கொல்ல வேண்டும் என்ற கேள்விக்குப் பிழையான படத்தில் புள்ளடி போட்டுவிட்டார். இந்த நாட்டில் மீனை விளையாட்டுக்குப் பிடித்து விளையாட்டாகத் திருப்பி விட முடியாது. அளவான மீன் வந்தால் வதைக்காமல் கொன்று, சாப்பிடத்தான் வேண்டும். அவர் இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணினார். அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது.

பிறகுதான் எங்கள் ஆட்களின் மீன்பிடிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன், புதுப் போட்டி ஒன்று வைக்கச் சொல்லி. ஒரு படகில் ஒரு ஆண், ஒரு பெண், மூன்று சுற்று, எல்லாச் சுற்றும் துன் ஏரியில். அவர் அமெரிக்க வீடியோக்களில் பார்த்துப் பார்த்து ஏங்குகிற பாஸ் மீன் போட்டி மாதிரி. எங்கள் ஏரியில் பாஸ் இல்லை, எக்லிதான் இருக்கிறது. அதற்கு என்ன, அதுவும் முதுகில் முள்ளுள்ள மீன்தானே. கோப்பையை இணையத்தில் வாங்கியபோது அதில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பாஸ் இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

சங்கக் கூட்டத்தில் ஆண்கள் சிரித்தார்கள். ஷ்லீரனிலிருந்து வருகிற தலைவர் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று சுற்றும் குறையில்லாமல் நடந்தால் இனி எல்லாப் போட்டியும் கலப்பு அணிதான். ஒன்று தவறினாலும் பழையபடி ஆண்கள் படகில், பெண்கள் அடுப்படியில். ஒரு மீனாவது பிடிபடாத சுற்று கணக்கில் சேராது. இதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நான் பெரிய எழுத்தில் போட்டேன்.

திகதிகளைத் தேர்ந்தது நான். பள்ளிக்கூட விடுமுறை பார்த்தேன், ஹோட்டல் வேலைமுறை பார்த்தேன், உதைபந்தாட்டம் பார்த்தேன். குசினிக் கதவுக்குப் பின்னால் ஏப்ரன்களுக்கு அடியில் தொங்கிய கோயில் கலண்டரை மட்டும் பார்க்கவில்லை. மூன்று சனிக்கிழமைகளுக்கும் மீன்பிடி அலுவலகத்திலிருந்து முத்திரை குத்திய அனுமதி வந்தது.

முதல் இரண்டு சுற்றும் சந்தைக்கடை மாதிரித்தான் நடந்தன. மோட்டர் படகு கிடைக்காததால் பெடலோ எடுத்தோம். உல்லாசப் பயணிகள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மிதிக்கிற அதே படகுதான். கலியாணம் கட்டிய இரண்டு பேர் ஒரே திசையில் மிதிப்பது லேசான காரியமல்ல. காலைப் பனிமூட்டத்தில் ஒரு மனுசியின் தூண்டிலில் மீன் இழுக்க, அவள் “இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டாள். எங்கள் ஆட்களில் ஒருத்தியும் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே. ஆறு பெடலோவிலிருந்து ஆறு கணவன்மார் “என்ன?” என்றார்கள். இரண்டு பேர் திரும்பி மிதிக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் மீன்கள் வந்தன. பெண்கள் கையால்தான் கூடுதலாக வந்தன.

கடைசிச் சுற்றுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாசலிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மருந்துக் கம்பனியில் வேலை செய்கிற தமிழ்நாட்டுத் தம்பதி எங்களோடு சேர்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அது புரட்டாசி சனிக்கிழமை. எங்க வீட்ல மாசம் பூரா சைவம்.”

நான் ஏப்ரன்களை விலக்கிக் கலண்டரைப் பார்த்தேன். முதல் சனி. விரலை வைத்து இன்னொருக்கால் எண்ணிப் பார்த்தேன். ஏனென்றால் அந்த விரதத்தை விடாமல் பிடிக்கிறவளே நான்தான். என் கணவரின் அகதி விண்ணப்பம் முதல் தரம் நிராகரிக்கப்பட்ட வருடம், அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று ஊரிலிருந்து சொன்னார்கள். அன்றிலிருந்து புரட்டாதிச் சனிகளில் அவருக்காக எள்ளெண்ணெய் விளக்கு எரிக்கிறேன். பால்கனியில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் பச்சைத்தண்ணி வாயில் படும். பதினெட்டு வருடமாக ஒரு சனியும் தப்பவில்லை. அவருக்கு விசா கிடைத்தது சட்டத்தரணியாலா சனீஸ்வரனாலா என்று நாங்கள் ஆராய்ந்ததில்லை.

அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துத் திகதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாக, அடுத்த வருடம் தாராளமாக மாற்றலாம் என்றாள்.

தலைவர் அண்ணைக்குச் செய்தி போனதும் அவருக்குப் பக்தி பொங்கியது. போன வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வீட்டில் ஆட்டிறைச்சிச் சட்டியை விட்டு எழும்பாத மனுசன், விரதமெண்டால் விரதம்தான் என்று எல்லாருக்கும் குரல் செய்தி அனுப்பினார். எல்லாரும் வருவோம், தூண்டில் போடுவோம், ஆனால் உயிரைக் கொல்ல ஏலாது, மீன் இல்லாவிட்டால் சுற்று இல்லை, ஒருத்தரிலும் பிழையில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னார், எனக்குப் பத்தியெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, விரதத்தோடு ஏரிக்குப் போனேன். ஒருத்தரும் வராமல் விடவில்லை. எல்லார் நெற்றியிலும் விபூதி, தோளில் தூண்டில். அனுமதியின்படி போட்டியைப் பார்க்க ஒரு சுவிஸ் கண்காணிப்பாளர் வந்திருந்தார், முப்பது வயதிருக்கும். படகு படகாகத் தூண்டில்களைச் சோதித்தவர் என்னிடம் திரும்பி வந்து, பதினொரு படகில் கொக்கி இல்லையே என்றார். பாசல் தம்பதி ஈயக்குண்டு மட்டும் கட்டியிருந்தார்கள். தலைவர் அண்ணையின் நூலில் அதுவும் இல்லை. இன்று உயிர் கொல்லக்கூடாத நாள் என்று விளக்கினேன். அப்படியானால் ஏன் இன்று வைக்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் அலுவலகம் முத்திரை குத்திவிட்டது என்றேன். அவர் முகம் தெளிந்தது. அது அவருக்கு முழுதாக விளங்கியது. கொக்கி கட்டாயம் என்று விதி ஏதும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு பெடலோக்கள் மீன் பிடிக்காமல் இருப்பதற்காக ஏரியில் பரந்து நின்றன. பன்னிரண்டாவது எங்களுடையது. என் தூண்டிலில் கொக்கி இருந்தது. அதில் ரப்பர் புழு. ரப்பர் புழுவுக்கு உயிரில்லை, அதனால் அதுவரைக்கும் நான் விரதத்தில்தான் இருந்தேன். மீன் வந்தால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன். பக்கத்தில் கணவர் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் தூண்டில் காலடியில் கிடந்தது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. தலைவர் அண்ணை தூரத்திலிருந்து கையசைத்து நேரத்தைக் காட்டினார். கரையில் எங்கள் பழைய அடுப்பு தெரிந்தது. யாரோ அதைக் காரிலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். அடுத்த கோடையிலும் அதற்கு முன்னால் நிற்கப்போகிற என்னை நினைத்துத் தூண்டிலை மறுபடி எட்ட வீசினேன்.

அப்போதுதான் இழுத்தது. நான் ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்றால், மீன் ஓடியிருக்க வேண்டும். அது ஓடவில்லை. தூக்கிப் பார்த்தால் பச்சைக் கோடு போட்ட, சிவப்புச் செட்டையுள்ள நல்ல எக்லி. அளவுகோலில் வைத்தேன். சட்டப்படி விடமுடியாத அளவு.

அடிக்கிற சின்னத் தடி என் கையில் இருந்தது. கை எழும்பவில்லை. மீன் துடிக்கிறது, வதைக்கக்கூடாது. பதினெட்டு வருடம், அதுவும் இந்த மனுசனுக்காகப் பிடித்தது. நான் அடித்தால் விரதம் போகும், விட்டால் மீன் போகும், அதோடு எல்லாம் போகும். அழுகை வந்துவிட்டது.

அவர் மிதிப்பதை நிறுத்தினார். என் கையிலிருந்து தடியை வாங்கினார்.

“எனக்காகப் பிடிச்ச விரதம்தானே. சனி வாறதெண்டா என்னட்டை வரட்டும்,” என்றார். பிறகு தடியை ஓங்கியபடி கேட்டார். “எங்கை அடிக்கிறது?”

“கண்ணுக்குப் பின்னாலை,” என்றேன்.

ஒரே அடி. இந்த முறை சரியான இடம்.

நிறுக்கிற மேசையில் மீனை வைத்தபோது ஒரு காகம் வந்து மேசை விளிம்பில் இருந்தது. விபூதி பூசிய ஆண்கள் எல்லாரும் ஓரடி பின்னுக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் காகத்தைத் துரத்திவிட்டு நிறையை எழுதினார். ஒரு மீன், செல்லும். தலைவர் அண்ணை தன் விதியைத் தானே இரண்டு தரம் வாசித்தார். மீனைக் கண்காணிப்பாளரே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அன்று நாங்கள் வென்ற கோப்பை இப்போது எங்கள் சாமியறைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே வைக்க நான் விடவில்லை. புரட்டாதியின் மிச்சச் சனிகளில் அவரும் என்னோடு கோயிலுக்கு வந்து எள்ளெண்ணெய் விளக்கு எரித்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. நான் அவருக்காக எரித்தேன். நீங்கள் ஆருக்கு எரிக்கிறீங்கள் என்று கேட்டேன்.

“அந்த மீனுக்கு,” என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, “உனக்கும்தான்,” என்றார்.

இந்தக் கோடையில் முதல் சுற்றுக்கு நாங்கள் நேரம் பிந்திப் போனோம். அடுப்பில் கோழி வாடிக்கொண்டிருந்தது. இடுக்கியோடு நின்றவர் தலைவர் அண்ணை. அவருடைய மனுசி படகில் இருந்து, கெதியா வாங்கோ என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா.