நாலாவது தடவை கூப்பிட்ட பேர்

இன்னைக்கும் யாரோ சத்தமா ஒரு பேரைக் கூப்பிடுத மாதிரி எனக்குக் கேக்கும். குக்கர் விசில்ல கேக்கும், மாட்டுங்கா ஸ்டேஷன் அறிவிப்புல கேக்கும், ஒண்ணுமே இல்லாத இடத்துலகூட கேக்கும். யேசுவடியான். எங்கப்பா பேரு. அவர் செத்துப் போயிட்டாரு. ஆனாலும் கேக்கும். பயந்துக்கிட்டேதான் இந்தச் சாட்சியைச் சொல்லுதேன். நம்ம தாராவி சபையார் பொறுமையாக் கேளுங்க.

என் பேரு கிரேஸ். வீட்டுக்காரரோட மஸ்கட்ல இருக்கேன், இப்ப லீவுக்கு வந்திருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுக்கும்போது, சர்நேம் கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு ஏஜென்ட் எங்கப்பா பேரைப் போட்டுட்டான். நம்மாளுகளுக்கு ஏது சர்நேம்? அதுல இருந்து ஏர்போர்ட், பேங்க், எங்க போனாலும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுதாங்க. அப்பாவுக்கு அதுல ஒரே பெருமை. "நான் பிளேன் ஏறாமலே மஸ்கட் போயிட்டேன், பாத்தியாட்டி" ன்னு சிரிப்பாரு.

கொரோனா ரெண்டாவது அலையில அவருக்குக் காய்ச்சல்னு இங்க தாராவிக்கு ஓடி வந்தேன். அம்மா இல்ல, கூடப் பொறந்தவங்க இல்ல, நான் ஒருத்திதான். என் மக ஷைனிக்கு அப்போ அஞ்சு வயசு. ஒரு வாரத்துல வந்துருதேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். வந்த இடத்துல எனக்கும் பாசிட்டிவ். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, என்னை ஒரு ஸ்கூல் கட்டடத்துல தனியா வச்சாங்க. நான் அங்க கெடக்கும்போதே அப்பா போயிட்டாரு.

பக்கத்து வீட்டு சுலைமான் மாமா, தோல் பட்டறை வச்சிருக்கவரு, அன்னைக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நின்னிருக்காரு. உள்ள இருந்து ஒருத்தன் வந்து, யேசுவடியானோட ஆள் யாருன்னு மூணு தடவை கூப்பிட்டானாம். மாமா கையைத் தூக்கினதுக்கு, பக்கத்து வீடெல்லாம் தள்ளி நில்லுன்னுட்டானாம். ஆஸ்பத்திரிக்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க. இதைச் சொல்லிட்டு மாமா அழுதாரு. எனக்குக் கண்ணீரே வரல. அந்த மூணு தடவையும் நான் நேர்ல நின்னு கேட்ட மாதிரி காதுல ஏறி உக்காந்துக்கிச்சு.

அப்புறம் மஸ்கட் பிளேனை நிறுத்திட்டாங்க. ஷைனி முதல்ல வீடியோ கால்ல அழுதா. பிறகு எப்ப வாரேன்னு கேட்டா. பிறகு அவ அப்பா செல்லைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கிட்டா. ஆறு மாசம் வெளிய இருந்தா என் விசாவும் போயிரும். ஜெபம் பண்ண முழங்கால் போட்டா சண்டைதான் வந்துச்சு. எங்கப்பா பேரைக் கூப்பிட்டப்ப நீரும் பதில் சொல்லல, என்னையும் சொல்ல விடலன்னு ஆண்டவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு எழுந்துருவேன். அப்படி எத்தனை நாளு!

கடைசியில பிளேன் விட்டாங்க. விசா முடியுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டிக்கெட்தான் கெடச்சுது. ஏறுறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டணும், அதுவும் பழசா இருக்கக் கூடாது. அதனால டெஸ்ட் எடுக்க அந்த ஒரு நாளுதான் இருந்துச்சு. செம்பூர்ல ஒரு டெஸ்ட் எடுக்கிற இடத்துல போய் உக்காந்தேன்.

பிளாஸ்டிக் டிரெஸ் போட்ட ஒருத்தன் வந்து கூப்பிட்டான். "யேசுவடியான்!"

அது நான்தான்னு தெரியுது. வாய் திறக்கல. ரெண்டாவது தடவை கூப்பிட்டான். மூணாவது தடவையும் கூப்பிட்டான். அப்புறம் வேற பேருக்குப் போயிட்டான். ஒவ்வொருத்தரா உள்ள போய் வாராங்க. வாட்ச்மேன் காலி நாற்காலியை அடுக்க ஆரம்பிச்சுட்டான். என் பிள்ளை முகம் கண்ணுக்கு முன்னால நிக்குது, ஆனா எழுந்திரிக்க முடியல.

பிள்ளைக்காகவோ விசாவுக்காகவோ கேக்கணும்னுகூட அப்போ எனக்குத் தோணல. "ஆண்டவரே, இன்னும் ஒரு தடவை கூப்பிடச் சொல்லும்." அவ்வளவுதான் ஜெபம்.

திரையை விலக்கிட்டு ஒரு மராத்திப் பொண்ணு தலையை நீட்டினா. "யேசுவடியான் கோன் ஹை? கர் ஜானா ஹை கி நஹி?" வீட்டுக்குப் போகணுமா வேண்டாமான்னு கேக்கா. என்னைத்தான் கேட்டா. எனக்கு எங்கப்பாவையும் சேத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

எழுந்துட்டேன். "இருக்கேன்" ன்னு தமிழ்லயே சொன்னேன். மிச்சம் இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மூக்குல குச்சியை விட்டப்ப கண்ணீர் கொட்டுச்சு. வலிக்குதுன்னு நெனச்சு அந்தப் பொண்ணு, ஆச்சு ஆச்சுன்னு சமாதானம் சொன்னா. அப்பா போனதுக்கு அன்னைக்குத்தான் அழுதேன்.

ரிப்போர்ட் நெகட்டிவ். ஸ்தோத்திரம். ஏர்போர்ட்லயும் அதே பேரைத்தான் கூப்பிட்டாங்க. ஏறுங்கப்பான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஏறினேன். ஷைனி முதல்ல கிட்ட வரல. வீட்டுல நான் பாத்திரம் கழுவும்போது பின்னால வந்து சேலையைப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் விடவே இல்ல.

அந்தச் சத்தம் நின்னுருச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இப்பவும் கேக்கும். ஆனா இப்ப கையில இருக்கிற வேலையை வச்சுட்டு, இருக்கேன்னு வாய்விட்டுச் சொல்லுதேன். அதைச் சொல்ற பலத்தை ஆண்டவர் குடுத்திருக்காரு.

அந்தக் கொரோனா நாள்ல ஆஸ்பத்திரில தங்க வீட்டு ஆள் பேரைக் கூப்பிட்டப்ப பதில் சொல்ல முடியாமப் போனவங்க இங்க எத்தனையோ பேர் இருக்கீங்க. எனக்குத் தெரியும். பெரிசா எதுவும் கேக்க வேண்டாம். இன்னும் ஒரு தடவை கூப்பிடும்னு மட்டும் ஆண்டவர்கிட்ட கேளுங்க. கூப்பிடுவாரு. கூப்பிட்டா எழும்பி நில்லுங்க.