மொட்டைமாடித் தொட்டிக்கு வந்த கரண்ட் பில்

கொட்டாஞ்சேனையில் ஒரு படிக்கட்டின் கீழே, குனிந்தால்தான் உள்ளே போகக்கூடிய இடத்தில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை தொடங்கினேன். அது எரிந்தது. அதே படிக்கட்டின் கீழே மறுபடியும் தொடங்கினேன். பேலியகொடையில் மீன் வைக்கும் குளிர் அறைகளுக்கு வயர் இழுத்தேன், தெமட்டகொடையில் ஒரு முழு வரிசை வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தேன். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் காணி வாங்கினேன். வங்கி கடன் தராது என்று சொன்ன காணி அது. அதில் மூன்று மாடி வீடு எழுப்பினேன், ஒரு பொறியியலாளரையும் வைக்காமல். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆனால் ஓடுகிற மோட்டாரில் கையை வைத்தால் அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அந்த வீட்டு மொட்டைமாடிக்கு ஹொட் டப்பை, அதுதான் அந்தச் சுடுநீர்த் தொட்டியை, ஏற்றியதும் நான்தான்.

நான் கீழ்மாடியில் இருக்கிறேன். நடுமாடியில் மகளும் மருமகனும். மேல்மாடியில் மூன்று அறைகள். கல்யாணத்துக்கும் விடுமுறைக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மகள் அவற்றை வாடகைக்கு விடுகிறாள். வியர்த்துக் கொட்டுகிற இந்த ஊரில் சுடுநீருக்குள் உட்காரவும் மனிதர் காசு கொடுப்பார்கள் என்பது அவளுடைய யோசனை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மூடப்பட்ட ஒரு விடுதியில் பழைய தொட்டி ஒன்று விலைக்கு இருக்கிறது என்று தேடிப்பிடித்தது நான். அந்தப் பாரத்தைத் தளம் தாங்காது என்று மருமகன் சொன்னார். அவர் பாலம் கட்டுகிற பொறியியலாளர். நான் அடியில் இரண்டு தூண் கொடுத்து, சங்கிலிக் கப்பியால் அதை மேலே எடுத்தேன். இன்றுவரை ஒரு வெடிப்பு விழவில்லை.

அதைக் கரண்டில் இணைத்துப் பூட்ட வந்த சிங்களப் பெடியன், போகும்போது தொட்டியின் தடித்த மூடியைத் தட்டிக் காட்டினான். "அங்கிள், பியன ஹெமவெலேம வஹலா தியன்ன." மூடியை எந்த நேரமும் மூடியே வைக்க வேண்டுமாம்.

"ஹரி மல்லி, ஹரி," என்று, சரி தம்பி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

அவன் போன பிறகு யோசித்தேன். அந்த மூடி குளிர் நாட்டில் செய்தது. அங்கே வெயில் இல்லை, அதனால் மூடுகிறார்கள். இங்கே காலை எட்டு மணிக்கே தளத்தில் கால் வைக்க முடியாது. இவ்வளவு வெயில் சும்மா கிடக்கும்போது அதை உள்ளே விடாமல் மூடிவைத்துவிட்டு, கரண்டுக்குக் காசு கட்டி ஹீட்டரால் சுடவைப்பது என்ன புத்தி?

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அப்போது மாடியில் நின்றாள். மலைநாட்டுக்காரி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், நாற்பது வயது இருக்கும். அறைகளைச் சுத்தம் செய்வது, துணி துவைப்பது, விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். மாடிப்படியோரச் சிறிய அறையில் தங்குகிறாள்.

"விடியக் காத்தால இந்த மூடியைக் கழட்டிச் சுவரில சாத்து. பொழுதுபட்டாப் பிறகு மூடு," என்றேன்.

"மூடியே வைக்கணும்னு அந்தப் பையன் சொன்னானே ஐயா."

"அவன் பிறக்க முதல் நான் கரண்டு வேலை செய்யத் தொடங்கினவன்."

அன்றிலிருந்து தினமும் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. பகலில் மொட்டைமாடிக்கு வேறு யாரும் ஏறுவதில்லை.

முதல் மாதப் பில் வந்தபோது மகள் முகம் சுளித்தாள். விருந்தாளிகள் ஏசியை நிறுத்துவதில்லை என்று தேற்றிக்கொண்டோம். இரண்டாவது மாதப் பில் வந்தபோது யாரும் யாரையும் தேற்றவில்லை. மூன்று அறையின் வாடகையும் அந்தத் துண்டுக் காகிதத்துக்குள் போய்விட்டது. அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவு அலகு எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. ஹொட் டப் விற்பனை இணையத்தளங்களை மருமகன் பார்த்தார். இந்த அளவுத் தொட்டி மாதத்துக்கு எவ்வளவு இழுக்கும் என்று அவற்றில் போட்டிருந்ததாம். எங்கள் பில் அதைவிட எங்கேயோ போயிருந்தது. "அப்ப தொட்டி இல்லை. வேற ஆரோ இழுக்கினம்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறைகள் வெறுமையாக இருந்தன. மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம் மருமகன் மாடியிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே அயன் பண்ணி மடித்த சட்டைகள். எங்கள் வீட்டுச் சட்டைகள் அல்ல. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

"இது ஆரின்ர உடுப்பு?"

"எதிர்வீட்டு டீச்சரம்மாவோடது சார்."

"எங்கட கரண்டில அயன் பண்ணினதோ?"

"ஆமாங்க சார். அஞ்சு சட்டை. வாரத்துல ஒரு நாள்."

"அஞ்சு சட்டையோ, அம்பது சட்டையோ. ஒழுங்கை முழுக்க இங்கதான் அயன் பண்ணுதோ?"

"டீச்சரம்மாகிட்ட கேட்டுப் பாருங்க சார்."

மகள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்குச் சண்டை வேண்டாம்," என்றாள். "நீ நாளைக்குக் காலம முதல் பஸ்ஸைப் பிடி. இந்த மாசச் சம்பளத்தைத் தாறன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு மாடிக்குப் போனாள்.

உண்மையை எழுதுகிறேன்: நானும் அவள்தான் என்று நம்பினேன். அவளுக்காக நான் எழும்பவில்லை. என் வீட்டில், என் மேசையில், கரண்டு பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரு அயன் எவ்வளவு தின்னும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"அந்த அயனைக் கொண்டு வாங்கோ," என்றேன். "மீட்டரடிக்குப் போவம்."

எங்கள் வீட்டு மீட்டர் வாசல் படலைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. பழைய மாதிரி, கண்ணாடிக்குள் ஒரு தட்டு சுற்றும், அதில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு சுற்றி வரும் வேகத்தைப் பார்த்தே வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லுவேன். வீட்டுச் சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கினேன். பிரிட்ஜ் உட்பட. தட்டு நின்றது. அயனை மட்டும் போட்டேன். கோடு ஒரு முறை போய் வர எண்ணினேன். அயனைக் கழற்றி, தொட்டியின் சுவிட்சை மட்டும் போட்டேன். கோடு கண்ணாடிக்குள் ஓடியது. அயனுக்கு ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அது மூன்று சுற்றுக்குக் கிட்டச் சுற்றியது.

"அது தெரிஞ்ச விசயம்தானே மாமா," என்றார் மருமகன். "ஹீட்டர் கூடத்தான் இழுக்கும். சூடு வந்த உடன நிண்டிடும்."

"அப்ப நிக்கட்டும். பாப்பம்."

கதிரை ஒன்றைப் போட்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று மணி. தட்டு ஓடியது. மூன்றரை. பிரிட்ஜுக்குள் மீன் பழுதாகப் போகிறது என்று மகள் மேலேயிருந்து சொன்னாள். நான்கு மணி. மருமகன் படலையில் சாய்ந்துகொண்டு, "என்ன மாமா, மீட்டருக்குப் பூசை நடக்குதோ?" என்றார். ஒழுங்கையால் போன ஒருவர் என்னையும் மீட்டரையும் பார்த்துவிட்டுப் போனார். தட்டு ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வெயில் அடிக்கிறது, ஹீட்டரும் எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. அப்படியென்றால் சூடு எங்கே போகிறது? எழுந்து மாடிக்கு ஏறினேன்.

மூடி, நான் சொன்னபடியே, சுவரில் சாய்ந்திருந்தது. கடலில் இருந்து காற்று வந்துகொண்டிருந்தது; எங்கள் ஒழுங்கையில் பின்னேரக் காற்று கொடியில் கிடக்கும் துணியைக் கிழிக்கிற காற்று. தொட்டித் தண்ணீர் அடையாளக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. குறைகிற தண்ணீரை நிரப்ப நான் பூட்டிய குழாயிலிருந்து குளிர்ந்த பச்சைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் குறைவதை நான் முன்பே கண்டிருந்தேன். விருந்தாளிகள் அளைகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாளாகத்தான் விருந்தாளிகளே இல்லையே.

கையைத் தொட்டிக்குள் விட்டு, ஈரத்தோடு காற்றில் பிடித்தேன். ஈரம் காயக் காயக் கை குளிர்ந்தது; ஆவியாகிப் போகிற தண்ணீர் சூட்டையும் கொண்டுபோகிறது. அவ்வளவுதான் விசயம். வெயில் கொடுத்ததைக் காற்று எடுத்தது. வெயிலைவிடக் கூட எடுத்தது. மிச்சத்துக்கு நாங்கள் பில் கட்டினோம்.

கொடியில் இருந்து தன் துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். கீழே அவளுடைய பை, சிப் இழுத்தபடி.

"மூடவா ஐயா?"

"நான்தான் திறக்கச் சொன்னனான் எண்டு நீ ஏன் அங்க சொல்லேல்லை?"

"மூடியைப் பத்தி யாரும் கேக்கல. அயனப் பத்தித்தான் கேட்டாங்க." துணியை மடித்தாள். "நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடியைப் போட்டோம்.

மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு ஒரு வழி தெரிந்தது. அதை மறைக்கமாட்டேன். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. தொட்டி இனி மூடியபடி இருக்கும். அவள் விடிய முதல் பஸ்ஸில் போவாள். அடுத்த மாதப் பில் தானாகவே இறங்கும். இறங்கிய பில்லைப் பார்த்து எல்லாரும் தலையாட்டுவார்கள்: பார்த்தீர்களா, அவள் போனாள், கரண்டும் குறைந்தது. நான் கழற்றிய மூடியை நானே மூடி, அந்த மூடியாலேயே அவளைக் கள்ளி ஆக்கியிருப்பேன். இந்த ஊரில் ஒரு வீட்டில் இப்படிப் பெயர் கெட்டுப் போகிறவளுக்கு அடுத்த வீட்டுப் படலை திறக்காது.

கதிரையில் மறுபடி உட்கார்ந்தேன். தட்டு இன்னும் ஓடியது. பத்து நிமிடம். இருபது நிமிடம். என் கணக்குப் பிழையோ என்ற பயம் வந்தது. பிழையாக இருக்கட்டும் என்று மனதின் ஒரு மூலை கேட்டதும் உண்மை. அப்படியானால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். கறுப்புக் கோடு கண்ணாடிக்கு நேரே வந்தது, மெதுவானது, நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம் பார்த்தேன். அது அசையவில்லை. மகளையும் மருமகனையும் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டேன்.

"நிண்டிட்டுது," என்றார் மருமகன், கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து. "இவ்வளவு நேரமும் ஓடினது, இப்ப எப்பிடி?"

"மூடியைப் போட்டாச்சு."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"திறந்து கிடந்தது."

மருமகன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "அதுவும் உம்மட வேலையோ?"

அவள் வாசற்படியில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத்தான் பார்த்தாள். எனக்கு எழுபது வயது. பேலியகொடையில் கரண்டு ஓடுகிற வயரை வெறும் கையால் பிடித்தவன் நான். அது இதைவிடச் சுலபம்.

"நான்," என்றேன். "நான்தான் கழட்டச் சொன்னனான். அவ வேண்டாம் எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை."

"ஏனப்பா?" என்றாள் மகள்.

"வெயில் சும்மா கிடக்குது. பிடிப்பம் எண்டு நினைச்சன்."

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, நீங்கள் வெயிலைப் பிடிக்கேல்லை. ரெண்டு மாசமாக் கடற்காத்துக்குக் கரண்டால சோறு போட்டிருக்கிறியள்." மகள் சிரிக்கவில்லை. போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கினாள். அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"சட்டை அயன் பண்ணினது தப்புதான் அக்கா," என்றாள் அந்தப் பெண். "இனி டீச்சரம்மா வீட்டுலயே பண்றேன்."

"இங்கயே பண்ணு," என்றேன் நான். "அஞ்சு சட்டை எவ்வளவு தின்னும் எண்டு எனக்குத் தெரியும்."

அவள் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அடுத்த பில் இறங்கியது. அதற்கு அடுத்ததும்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன மாதம் நுகேகொடையில் சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகுதல். அங்கே மருமகன் இந்தக் கதையைச் சொன்னார். சூடு எங்கே போகுது என்று தான் யோசித்ததாம், மீட்டரடியில் தான் நின்று பார்த்ததாம், மூடி திறந்து கிடந்ததைத் தான் கண்டுபிடித்ததாம். மூடியை யார் கழற்றியது என்று ஒருவர் கேட்க, "ஆரோ தெரியாமல் செய்துபோட்டினம்," என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். எல்லாவற்றையும் நேரில் கண்ட அந்தப் பெண்ணிடமும் மகள், "சார் பாத்தபடியாத்தான் உன்ர வேலை தப்பினது," என்றே சொல்லி வருகிறாளாம்.

"உங்கட மரியாதைக்காகத்தான் அப்பா," என்றாள். "நீங்கள் பிழை விட்டது வெளியில தெரியக்கூடாது எண்டு."

எனக்கு அந்த மரியாதை வேண்டாம். பிழையை மறைக்க வேண்டுமென்றால் கண்டுபிடித்ததையும் சேர்த்துத்தான் மறைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தது என் மடத்தனம். அவளை இறக்கிவிட்டது என் வாய். இரண்டு மணி நேரம் அந்தக் கதிரையில் இருந்தது என் முதுகு. இதில் ஒன்றையும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை.

ஆகவே மகளுக்கும் மருமகனுக்கும் எழுத்தில் சொல்கிறேன். அடுத்த முறை ஆட்கள் கூடிய இடத்தில் இதைச் சொல்லும்போது, அந்தப் பெண்ணும் அங்கே நிற்கும்போது, என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். கெடுத்தவரும் மாமாதான், கண்டுபிடித்தவரும் மாமாதான் என்று, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.