கட்டுரைக்கு முந்திய முன்னுரை

கடைசி வரியை எழுதி முடித்ததும் பேராசிரியர் அதை வாய்விட்டு வாசித்து, தானே "ம்ம்" கொட்டிக்கொள்கிறார். "அப்பாடா, பாதி இதழ் முடிஞ்சுது." இதழுக்கு ஒரு கட்டுரைகூட இன்னும் வரவில்லை. வந்திருப்பது முன்னுரை மட்டும். வரப்போகும் கட்டுரைகளில் எது துணிச்சலானது, எது புது வாசலைத் திறக்கிறது, எது என்ன முடிவுக்கு வருகிறது என்றெல்லாம் அதில் பாராட்டித் தீர்த்தாகிவிட்டது. இனி, எழுத ஆள் பிடிக்க வேண்டியதுதான்.

ஆய்விதழ்கள் அவ்வப்போது ஒரே பொருளை எடுத்துக்கொண்டு சிறப்பிதழ் போடும். அந்த ஓர் இதழுக்கு மட்டும் வெளியாள் ஒருவரை விருந்தினர் ஆசிரியராக அழைக்கும். அப்படி அழைக்கப்பட்டு அழைக்கப்பட்டே நம்மவருக்கு ‘முன்னுரையார்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் கொண்டுவந்த ‘தாமதம்’ சிறப்பிதழ் இரண்டு ஆண்டு கழித்து வந்தது. அது ஆய்வுமுறையின் ஒரு பகுதி என்று முன்னுரையில் எழுதினார். ‘மௌனம்’ சிறப்பிதழுக்கு யாரும் எழுதவில்லை. முன்னுரையை மட்டும் அச்சிட்டு, மீதிப் பக்கங்களைக் காலியாக விட்டார். அதற்கு மதிப்புரைகள் வந்தன.

பாராட்டுச் சொற்கள் தீர்ந்துபோனால் மருந்துக்கடை நடத்தும் மனைவியைத் தொலைபேசியில் அழைப்பார்.

"‘ஆழமான’ங்கறதுக்கு வேற வார்த்தை சொல்லேன்."

"இல்லாத கட்டுரைதானே? எத்தனை அடி ஆழம்னு வேணும்னாலும் போட்டுக்கோங்க. கடைல ஆள் நிக்கறாங்க, வைங்க."

இம்முறை பொருள் ‘கண்ணுக்குத் தெரியாத உழைப்பு’. கட்டுரையாளர்களுக்கு நினைவூட்டுவது, அடிக்குறிப்புகளைச் சரிசெய்வது, நூற்பட்டியலை ஒழுங்கு பண்ணுவது எல்லாம் அவருடைய துறையில் இருக்கும் ஒப்பந்த விரிவுரையாளரின் தலையில். அந்தப் பெண்ணின் பெயர் இதழில் எங்கும் வராது. ஒருமுறை கேட்டே விட்டாள். "நான் விருந்தாளிம்மா. விருந்தாளி பாத்திரம் கழுவலாமா?" என்றார் முன்னுரையார். கழுவுகிறவள் பெயரை ஏன் போடவில்லை என்பதுதான் கேள்வி. அது அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு நிரந்தரப் பதவிக்கான நேர்காணல். கட்டுரை ஒன்று குறைகிறது. அடுத்தவர் கட்டுரைகளுக்கு முட்டுக்கொடுத்தே ஆண்டுகள் போய்விட்டன என்று எழுத விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. ஆகவே அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் பெண்களிடம் மாதக்கணக்கில் பேசி, ஒரு கட்டுரை எழுதி, இந்தச் சிறப்பிதழுக்கென்று கொண்டுவந்து கொடுத்தாள். அவர் படித்தார். முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது? ‘கண்ணில் படாமல் இருப்பதையே இப்பெண்கள் தம் கண்ணியமாகப் போற்றுகிறார்கள் என்று இக்கட்டுரை நிறுவுகிறது’ன்னு நான் எழுதியிருக்கேன். நீங்க அதை நிறுவவே இல்லையே."

"யாரும் அப்படிச் சொல்லல சார். உக்கார ஒரு இடம் வேணும்னாங்க. பிடித்தம் இல்லாம கூலி வேணும்னாங்க."

"உக்கார இடமெல்லாம் முன்னுரைல இல்லையேம்மா."

"அப்ப முன்னுரையை மாத்துங்க சார்."

முன்னுரையார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். துப்புரவுப் பெண்களைப் பற்றி எழுதப்போவதாக அவள் சொன்ன அன்றே அவள் பெயரும் சேர்ந்து, முன்னுரை போன மாதமே இணையத்தில் ஏறிவிட்டது. வழக்கம்போல அவருடைய நண்பர்கள் அதைப் படித்து, தங்கள் கட்டுரைகளில் எடுத்தாண்டும்விட்டார்கள். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. உங்க கட்டுரையை மூணு பேர் மேற்கோள் காட்டியாச்சு. ஒருத்தர் உங்க முடிவோட கடுமையா மோதியிருக்கார். இனிமே போய் மாத்துனா அவர் யாரோட மோதுவார், பாவம்?"

அவள் திரையைப் படித்தாள். தான் எழுதாத கட்டுரை, தான் காணாத முடிவு, தன் பெயர். நேர்காணலில் அந்த மூன்று மேற்கோள்களுக்கும் மதிப்பெண் உண்டு.

"ரெண்டே ரெண்டு பத்திம்மா. கண்ணியம்னு எங்கயாவது சொருகுங்க. வேலை உங்களுக்குத்தான்."

"செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டச் சொல்றீங்க சார். அதுவும் என் காலைக் கூட இல்ல." கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். இப்படியே போடறதா இருந்தா போடுங்க. இல்லன்னா, கட்டுரை இல்லாமயே நேர்காணலுக்குப் போறேன். அந்த மூணு பேருக்கும் நானே எழுதிச் சொல்லிடறேன்."

"கோவத்துல எடுத்த முடிவு ஆய்வுக்கு ஆகாதும்மா" என்றார், போகிறவளின் முதுகைப் பார்த்து.

கதவு மூடியதும் நண்பரை அழைத்தார். "டேய், துப்புரவுப் பெண்கள் பத்தி ஒரு கட்டுரை வேணும். ஒரு இடம் காலியாயிருக்கு."

"அவங்க யாரையும் எனக்குத் தெரியாதேடா."

"முன்னுரையைப் படி, தெரியும்."

"சரி, வெள்ளிக்கிழமை அனுப்பறேன்."

ஆயிற்று. மனம் லேசானது. அடுத்த சிறப்பிதழுக்குப் பொருள்கூட அகப்பட்டுவிட்டது: ‘பிறரைக் காணும் அறம்’. புதுப் பக்கம் திறந்து, ‘எதிரில் நிற்கும் மனிதரை நாம் உண்மையில் பார்க்கிறோமா?’ என்று முதல் வரியைத் தட்டினார். வாசித்து "ம்ம்" கொட்டினார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஈரத் துடைப்பமும் வாளியுமாக ஒரு பெண் உள்ளே வந்து, மேசைக்கடியில் குனிந்தாள். முன்னுரையார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு காலையும் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டார்.