விழாத் தொகுப்பாளர் அவர்களும் துணைவியாரும்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மைக் சித்தப்பாவின் கையில்தான் இருக்கும். பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே 'விழாத் தொகுப்பாளர்' என்று அச்சடிக்காவிட்டால் முகம் வாடிவிடும். அடுத்தவருக்குப் பட்டம் கொடுப்பதிலும் அவர் கஞ்சமில்லை. பாலவனத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமா, மேடையேறினால் 'வணிகச் செம்மல்' ஆகிவிடுவார்.

என் அக்கா கல்யாணம் அருப்புக்கோட்டை மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டியதும் ஊர் ஊராகக் குடும்பங்களை அழைத்து, மணமக்களோடு போட்டோவுக்கு நிறுத்துவார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் புருஷன் வீட்டோடுதான் கூப்பிட வேண்டும். பிறந்த வீட்டோடு கூப்பிட்டால் உறவு முறிந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

அன்று சித்தியும் வந்திருந்தார். சித்தப்பாவிடம் கோபித்துக்கொண்டு பிறந்த ஊரான நரிக்குடிக்குப் போய் வருஷம் இரண்டாகியிருந்தது. தன் அண்ணன் குடும்பத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா எல்லா ஊரையும் அழைத்தார். நரிக்குடியை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் வேறு ஊர் மிச்சமில்லை. பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்று அவர் வாயைப் பார்த்தார்கள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அடுத்ததாக, விழாத் தொகுப்பாளர் அவர்களும், அவர்தம் துணைவியார் அவர்களும் மணமக்களை வாழ்த்த வருமாறு அன்போடு அழைக்கிறோம்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒருவர் தன்னைத்தானே 'அவர்கள்' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடைப் படியருகே போய் நின்றார். ஏறவில்லை. சித்தி குனிந்த தலை நிமிரவில்லை.

"போறதும் இருக்கதும் ஒன் இஷ்டம் தாயி" என்றார் அண்ணன்.

சித்தி எழுந்து வந்தார். அந்தப் போட்டோவில் இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்க இடமிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நரிக்குடிக் குடும்பத்துக்கு அழைப்பு வந்தது. சித்தியின் அண்ணனுக்குப் 'பண்பின் சிகரம்' என்று பட்டம் கிடைத்தது. மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

மத்தியானம் மண்டபம் காலியானது. அண்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார். "பஸ்ஸு வந்துருச்சு. வாரியா?"

சித்தி மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுமுனை சித்தப்பா கையில் இருந்தது.

"நீங்க போங்கண்ணே. நான் பெறகு வாரேன்."

எனக்கு என் சந்தேகமே பெரிதாக இருந்தது. அம்மாவிடம் போய், தன்னைத்தானே 'அவர்கள்' என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல ஒனக்கு அதுதான் கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

வேறென்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.