கிறிஸ்துமஸ் குடிலில் களை பிடுங்கினேன்

இது போன வருடத்துக்கு முந்தின வருடம், கிறிஸ்துமஸ் அன்று, சென்னை ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் நடந்தது. நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. கூலிக்கு வரப்பு வெட்டி ஆரம்பித்தவன், இன்றைக்குச் சொந்தமாக அறுவடை மிஷின்கள் வைத்து வாடகைக்கு விடுகிறேன். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த வயலில் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மகள் சென்னையில் இருக்கிறாள். ஒவ்வொரு முறை போகும்போதும் மால், பீச், மறுபடியும் மால். நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவதற்கா திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வருகிறேன்? "யாரும் பாக்காதது ஏதாவது இருந்தா காட்டு, இல்லன்னா டிக்கெட்டப் போடு, ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவளும் சளைத்தவள் இல்லை. "இருங்கப்பா, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று போனில் எதையோ அமுக்கினாள்.

அது குடில் நடையாம். ஒரு பெண், காலேஜ் முடித்த வயதிருக்கும், கிறிஸ்துமஸ் மத்தியானத்தில் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு வடசென்னைச் சந்துகளில் வீடு வீடாகக் கூட்டிப்போய், ஏசு பிறந்த தொழுவம் மாதிரி செய்துவைத்த குடில்களைக் காட்டுகிறாள். அடுத்தவர் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்ப்பதற்கு ஒரு டூரா என்று சிரித்துக்கொண்டேதான் போனேன்.

போய்ப் பார்த்தால், அடேயப்பா! தலைக்கு மேலே சந்து முழுக்கக் காகித நட்சத்திரம். ஒரு வீட்டில் பழைய டிவிப் பெட்டியின் வயிற்றைக் குடைந்து அதற்குள் குடில். இன்னொரு இடத்தில் ஆட்டோவின் பின் சீட்டில் குழந்தை ஏசு படுத்திருக்கிறார், டிரைவர் அன்றைக்குச் சவாரியே எடுக்கவில்லை. ஒருவர் உடைந்த கட்டுமரத்தை வீட்டு வாசலில் நிறுத்தி, அதில் மூன்று ராஜாக்களையும் ஏற்றி உட்காரவைத்திருந்தார். எந்த வீட்டிலும் "யாரு நீங்க?" என்று கேட்கவில்லை. கேக்கும் அச்சு முறுக்கும்தான் கைக்கு வந்தன. பிரியாணி வாசனை வேறு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூட வந்தவர்களிடம் பூண்டி மாதா கோயில் எங்கள் ஊருக்குப் பக்கம் என்று பெருமை பேசினேன், என் மிஷின்களைப் பற்றிப் பேசினேன், நடுவில் அந்தப் பெண்ணையும் கொஞ்சம் பேசவிட்டேன்.

கடைசியில் ஒரு வீட்டுக்குப் போனோம். சின்னக் கூடம். தரையில் வைக்கோல் குடில், அதன் முன்னால் அகலமான மரத்தட்டில் மண் கொட்டி, பச்சைப் பசேலென்று நாற்று! சென்னையில், சிமெண்டுத் தரையில், நெல் நாற்று! எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. வாசலில் நின்று நடைக்காரப் பெண் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எங்கே கேட்டேன்? அதற்குள் தட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பார்த்தால் நாற்றுக்கு நடுவே வேறு ஜாதி இலை, கொத்துக் கொத்தாக. எங்கள் பக்கத்தில் நெல்லைத் தவிர வயலில் நிற்பதெல்லாம் களைதான். கை சும்மா இருக்குமா? வேலைக்காரக் கை அது. பேசிக்கொண்டே பிடுங்க ஆரம்பித்தேன். "களைய விட்டா நாத்து எப்படிம்மா தேறும்?" என்று உள்ளே இருந்த அந்த வீட்டுப் பெண்ணுக்கு யோசனை வேறு சொன்னேன்.

சமையலறையிலிருந்து கேக் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ தாத்தா! இன்னா பண்ணிட்டீங்க! அது கேவுரு!"

"கேவுருன்னா?"

"கூழ் காச்சுவாங்களே, அது!"

கேழ்வரகு! எழுந்து நின்று மேலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நெல்லுக்கு நடுவே கேழ்வரகை நட்சத்திர வடிவத்தில் விதைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. நட்சத்திரத்தில் பாதி என் கையில் இருந்தது.

நான் காதில் வாங்காத கதை இதுதான். அந்த வீட்டுப் பெண்ணின் புருஷன் கப்பலில் வேலை செய்கிறவன். டிசம்பர் பிறந்ததும் தன் கையால் விதைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவேன், நட்சத்திரத்தைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவள் தினம் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கிறாள். நான் உள்ளே புகுந்து பிடுங்கிவிட்டேன்.

அவள் அழவில்லை. கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை. எதிர்வீட்டு அம்மா மட்டும் வாசலில் நின்று, "நல்லாக்கீதே, வூட்ல பூந்து களை புடுங்குறாரு பெரிசு" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்மாடி, புடுங்குன நாத்து செத்துப்போயிடாது. எங்க ஊர்ல புடுங்குறதே நடுறதுக்குத்தான். கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, பிடுங்கிய இடத்தில் மண்ணைக் குழைத்துச் சேறாக்கினேன். நுனியைக் கிள்ளிவிட்டு ஒவ்வொன்றாக நட்டேன். நடைக்காரப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, "அங்கிள், லெஃப்ட்ல கொஞ்சம்! ஸ்டார் கோணுது!" என்று வழி சொன்னாள். அந்த எதிர்வீட்டு அம்மாவே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நாற்று எடுத்துக் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் அன்று ராயபுரத்தில் நடவு! டூர் வந்தவர்கள் மொத்தப் பேரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

ஆனால் நட்ட பயிர் அன்றைக்கே நிமிருமா? விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. நட்சத்திரம் துவண்டு படுத்துக்கிடந்தது.

"ஏன் ஸ்டார் தூங்குது?" என்று கேட்டான் கப்பலில் இருந்தவன்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் போனை வாங்கினேன். "தம்பி, நான் திருக்காட்டுப்பள்ளிங்க. களைன்னு நெனச்சுப் புடுங்கிட்டேன். நானே நட்டும் வச்சிருக்கேன். பச்சை புடிச்சு நிமிந்துடும். நான் நட்டு இதுவரைக்கும் ஒண்ணும் பொய்க்கல."

போனில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, "டேய், எங்க வூட்ல நடவு நடக்குதுடா!" என்று கத்தினான். பிறகு நிதானமாக, "சரி பெரியவரே, நியூ இயருக்குக் கூப்புடுவேன். நீங்களே காட்டணும்" என்றான்.

மறுநாள் எனக்கு ரயில். தை அறுவடைக்கு முன்னால் மிஷின்களுக்கு வேலை பார்த்தாக வேண்டும். டிக்கெட்டை ரத்து செய் என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் இருக்கிற வயலெல்லாம் போதாதென்று தினம் பஸ் ஏறி ராயபுரத்தில் ஒரு மரத்தட்டுக்கு வயல் காவல் போனேன். நெல்லுக்கு விடுகிற மாதிரி தண்ணீரைத் தேக்கினேன். "தாத்தா, கேவுரு தண்ணியில நிக்காது" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னதை மறுநாள்தான் காதில் வாங்கினேன். அதற்குள் ஒரு முனை மஞ்சளாகிவிட்டது. மிச்சம் வேர் பிடித்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. சொந்த நிலத்துக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

புது வருடத்தன்று காலையில் போனேன். கதவைத் திறக்கும்போதே, "எந்திரிச்சிடிச்சி தாத்தா!" என்று கத்தினாள். நிமிர்ந்து நின்றது நட்சத்திரம்! அறுபது வயதைத் தாண்டியவன், அந்தக் கூடத்தில் குதித்தேன். போன் வந்ததும் நானே நாற்காலி மேல் ஏறி மேலிருந்து காட்டினேன். மஞ்சளான முனை மட்டும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது.

"சாஞ்சு நிக்குதே, அந்த முனை உங்களுது பெரியவரே" என்றான் அவன். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் வருடா வருடம் கார்த்திகை முடிவதற்குள் அந்தச் சந்தின் எல்லா வீட்டுக் குடிலுக்கும் விதைநெல் என் வீட்டிலிருந்துதான் போகிறது. நெல்லில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்றும் மார்தட்டுவேன். ஆனால் அடுத்தவர் இடத்தில் எனக்குத் தெரியாத பச்சை எதைப் பார்த்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது யாரு போட்டது?" என்று முதலில் கேட்கிறேன்.